பூங்கா எண் 9: நான் சொன்ன பதிலை நீக்கித் தரக் கோருதல்

அனுப்புநர்
ப. அய்யாக்கண்ணு (வயது 62),
ஓய்வு பெற்ற குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர்,
மேட்டுக்குளத் தெரு, பெரம்பலூர்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், பெரம்பலூர்.

பொருள்: நகரப் பூங்காக்கள் இருபதாண்டுப் பெருந்திட்டம் – வரைவு வரைபடம் – பூங்கா எண் 9-இல் பள்ளம் தோண்டுவதைக் கைவிடுதல் – கள ஆய்வில் நானே கொடுத்த தவறான தகவலைத் திருத்துதல் – தொடர்பாக.

பார்வை: 1. கள ஆய்வுப் படிவம், நாள் 18.02.2025 (தகவல் தந்தவர்: நான்).
2. வரைவுத் திட்ட அறிவிப்பு, நாள் 09.06.2025.

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா,

வணக்கம். புகார் மனு என்றதும் யார் மீது புகார் என்றுதான் தங்கள் அலுவலகத்தில் முதலில் கேட்பார்கள். என் மீதுதான். பார்வை 1-இல் கண்ட படிவத்தில் பொய்த் தகவல் கொடுத்து, படித்துப் பார்த்து, கையெழுத்தும் போட்டவன் நான். அலுவலர்கள் யார் மீதும் எனக்குக் குறை இல்லை.

1. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பூங்காவுக்கு எதிரி அல்ல. திட்டத்தை இரண்டு முறை முழுதாகப் படித்தேன். பதினான்கு பூங்காக்கள், அவற்றை இணைக்க வாய்க்கால் ஓரமாக மரம் வைத்த நடைபாதை, எல்லாம் நல்ல யோசனை. சித்திரை மாதம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மின்கம்பத்தின் நிழலில் ஒண்டி நின்றவன் நான். அந்த மரங்கள் வளர்ந்து நிற்கும்போது நான் இருக்க மாட்டேன். இருந்தாலும் அவை வேண்டும்.

2. கடந்த பிப்ரவரி மாதம் திட்டக் குழுவிலிருந்து பிரவீணா என்ற அம்மையார் ஆய்வுக்கு வந்தார். எங்கள் பகுதி மேல்நிலைத் தொட்டியில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன் என்பதால், "அய்யாக்கண்ணுவக் கேளுங்க, அவருக்குத்தான் மூலை முடுக்கெல்லாம் தெரியும்" என்று தெருக்காரர்கள் அவரை என்னிடம் அனுப்பினார்கள். தொட்டிக்கு வடக்கே உள்ள எழுபது சென்ட் புறம்போக்கைக் காட்டி, "இங்க என்னங்கய்யா இருக்கு? யாராச்சும் எதுக்காச்சும் பயன்படுத்துறாங்களா?" என்று கேட்டார். நான், "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கெடக்கு" என்றேன். அவர் 'ஒன்றுமில்லை. காலி நிலம், பயன்பாடு ஏதுமில்லை' என்று எழுதிக்கொண்டார்.

3. அந்த இடம் சும்மா கிடக்கவில்லை, ஐயா. அதன் பெயர் பால்மேடு. எங்கள் பகுதியில் இரண்டு வயது நிரம்பாமல் இறந்த பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தகப்பன் கையில் ஏந்திப் போய்ப் பால்மேட்டில் புதைத்து, மேலே ஒரு கற்றாழையை நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். கல் வைப்பதில்லை, கருமாதி இல்லை. தாய் அங்கே போகக் கூடாது. மூன்று நாள் வரை அவள் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவாள், தகப்பன் கொண்டுபோய் ஊற்றுவான். இப்போது ஆஸ்பத்திரிகள் வந்து, அங்கே யாரும் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

4. பிறகு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பீர்கள். பால்மேட்டின் பெயரைக் கர்ப்பிணிப் பெண்ணின் காதில் விழச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பிரவீணா அம்மையாருக்கு அப்போது ஆறு மாதம் இருக்கும். வெயிலில் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வேன்? பிறகு அலுவலகத்துக்கு வந்து ஆண் அலுவலர் யாரிடமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று நாலு மாதம் ஓட்டிவிட்டேன். அந்தச் சோம்பலுக்கு எந்த வழக்கமும் காரணம் அல்ல.

5. என் மகள் சுகன்யாவும் அங்கேதான் இருக்கிறாள். 1991-ஆம் வருடம் தை மாதம், காய்ச்சல், பதினொரு மாதக் குழந்தை. கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. குழி வெட்டியவர் என் பங்காளி அரியமுத்து. ஆழம் மூன்றடிதான். அதற்கு மேல் வெட்ட அவருக்கும் மனம் வரவில்லை, வெட்டச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அதன்பிறகு இருபத்தொன்பது வருடம் தினமும் அந்தத் தொட்டியில் ஏறினேன். ஏணி வடக்குப் பக்கம் இருக்கிறது, ஏறும்போது முதுகுதான் மேட்டுக்குத் தெரியும். மேலே போனதும் தெற்குப் பார்த்தே நின்று வேலையை முடித்துவிட்டு இறங்குவேன். உடன் வேலை பார்த்தவர்கள் கேலி செய்ததுண்டு. நான் சிரித்துக்கொண்டேன்.

6. வரைவு வரைபடத்தில் அந்த இடத்தில் ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு வட்டம் போட்டு 'சிறுவர் விளையாட்டுப் பகுதி' என்று குறித்திருக்கிறது. ஊஞ்சல், சறுக்குமரம் இவற்றின் கால்களுக்கு நான்கடிப் பள்ளம் என்று இணைப்பில் இருக்கிறது. 'அகற்ற வேண்டிய கற்றாழைப் புதர்கள்: 41' என்றும் இருக்கிறது. கற்றாழை பக்கக் கன்று விட்டுப் பெருகும், ஆகவே நாற்பத்தொரு பிள்ளைகள் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேர் என்று யாருக்குமே தெரியாது. போன வாரம் அளவெடுக்க வந்தவர்கள் சுண்ணாம்புப் பொடியால் நிலத்திலேயே அந்த வட்டத்தைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து என் இரண்டு கைகளிலும் ஒரு பாரம் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார். அது என்ன பாரம் என்று எனக்குத் தெரியும் ஐயா, ஒரு துண்டில் சுற்றி முக்கால் கிலோமீட்டர் தூக்கிப்போன பாரம்.

7. பலர் கையெழுத்திட்ட மனுவாகக் கொடுக்க நினைத்துப் பதினொரு வீட்டுக்குப் போனேன். அப்படி ஓர் இடம் இல்லையென்று யாரும் சொல்லவில்லை, யாரும் கையெழுத்தும் போடவில்லை. ஒருவர், "எழுதாத அய்யாக்கண்ணு, மருமக மாசமா இருக்கா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு அம்மாள் காகிதத்தைக் கையில் வாங்கி, முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் அழுது இதற்கு முன் நான் பார்த்ததில்லை. அரியமுத்து படுத்த படுக்கையாக இருக்கிறார். சாட்சி வேண்டுமென்றால் அவருக்குப் பேச்சு இருக்கும்போதே வந்து கேட்கும்படி வேண்டுகிறேன்.

8. பூங்கா எண் 9-ஐயே ரத்து செய்யக் கேட்டு முதலில் ஒரு மனு எழுதி வைத்திருந்தேன். அதைக் கொடுக்க என் மனைவி தையல்நாயகியும் உடன் வந்தாள். தங்கள் அலுவலகக் கூடத்தில் மாட்டியிருக்கும் வரைபடத்தின் முன் நின்று, "இதுல நம்ம புள்ள எங்கங்க?" என்று கேட்டாள். முப்பத்து நான்கு வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. விரலை வைத்துக் காட்டினேன். ஆரஞ்சு வட்டத்துக்குள் வரைந்திருந்த ஊஞ்சலுக்குப் பக்கத்தில் விரல் நின்றது. அவளும் தன் விரலை அங்கே வைத்தாள். பிறகு, "புள்ளைங்க வெளையாடுற எடந்தானே, வரட்டும். அதுங்களும் எத்தன காலத்துக்குத்தான் சத்தமே இல்லாம கெடக்கும்? தோண்ட மட்டும் வேணாம்னு எழுதுங்க" என்றாள். அங்கேயே முதல் மனுவைக் கிழித்துவிட்டேன்.

ஆகவே ஐயா அவர்களை நான் கேட்டுக்கொள்வது:

அ) ஊஞ்சல், சறுக்குமரம், கழிவறை என்று பள்ளம் தேவைப்படும் எதையும் தொட்டிக்குத் தெற்கே உள்ள பழைய கதிரடிக்கும் களத்துக்கு மாற்ற வேண்டும். மேட்டில் கடப்பாறை படக் கூடாது. கற்றாழைகள் இருந்தபடி இருக்கட்டும்.

ஆ) மேட்டைச் சுற்றி வேலி வேண்டாம். பிள்ளைகள் ஏறி ஓடட்டும், உருளட்டும். பெயர்ப் பலகையும் வேண்டாம். அங்கே வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் நடக்க வருவார்கள்.

இ) பிரவீணா அம்மையாருக்கு இந்நேரம் நல்லபடியாகப் பிரசவம் ஆகியிருக்கும் என்று நம்புகிறேன். என் பொய்க்காக அவரிடம் விளக்கம் கேட்க வேண்டாம். குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை இந்த மனுவை அவர் கண்ணில் காட்டவும் வேண்டாம்.

ஈ) படிவத்தில் 'இங்கு என்ன உள்ளது' என்ற கேள்விக்கு எதிரே என் பதிலாக 'ஒன்றுமில்லை' என்று இருக்கிறது. நான் பெற்ற பிள்ளையை ஒன்றுமில்லை என்று சொல்லிக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். திட்டம் எப்படி முடிவானாலும் சரி, அந்த ஒரு சொல்லை மட்டும் என் கண் முன்னால் கோடு போட்டு அடித்துத் தர வேண்டும். எந்த நாள் சொன்னாலும் வந்து நிற்கிறேன்.

நாள்: 02.07.2025
இடம்: பெரம்பலூர்

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) ப. அய்யாக்கண்ணு
தகவல் தந்தவர்

(ஒப்பம்) அ. தையல்நாயகி
சுகன்யாவின் தாயார்