குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்

2007, ஐப்பசி, ஞாயிறு இரவு

இன்று பள்ளிப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சியில் நான், மகன் செல்வராசு, பேத்தி கவிதா, கோயமுத்தூரிலிருந்து வந்த விமர்சகர் சபாபதி, நாலு பேரும் ஒரே படத்தின் முன்னால் நின்றோம்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் தூங்கிக்கொண்டு போகிற பெண்களைக் கவிதா வரைந்திருந்தாள். நன்றாக இருக்கிறதென்று விமர்சகர் சொன்னால் ஓவியக் கல்லூரியில் சேர்ப்பதாகச் செல்வராசு வாக்குக் கொடுத்திருந்தான்.

மற்றப் படங்களுக்கெல்லாம் "அருமை, அருமை" என்று நடந்துகொண்டே சொல்லிவந்த மனுசர், இவள் படத்துக்குத்தான் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கழுத்து சரியா சாயலைம்மா. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது? இது தூங்குற கையா இல்லையே" என்றார். கவிதா முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்வராசு பனியன் கம்பெனிக்காரன். சரக்கு வாங்குகிற பையரின் ஆள் ஒரு பீசில் மூன்று குறை காட்டினால் சரக்கே திரும்பிவிடும். "அப்ப ரிஜெக்டுங்களா சார்?" என்று கேட்டான்.

அவர் சிரித்தார். "நல்லா கேட்டீங்க போங்க" என்று காப்பி குடிக்கப் போய்விட்டார்.

"சாரே சொல்லிட்டாரு கண்ணு. பேசாம பி.காம். சேரு" என்று இவன் படத்தைக் கழற்றிவிட்டான்.

"அப்பாயி, எம்படத்தை மட்டுந்தான் அவரு பாத்தாரு" என்று இன்னும் அழுகிறாள் பிள்ளை.

மகனுக்குத் தெரிந்தது பனியன்தான், அவனை விட்டுவிடலாம். நல்ல படமாக இருக்கப்போய்த்தான் குறை சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்தவர், அதைச் சொல்லாமல் காப்பி ஆறிவிடும் என்று போனார். சாகும்வரை மன்னிக்க மாட்டேன், அந்தச் சபாபதியை.