சூடு வைத்தவன்

12 நவம்பர், செவ்வாய்
என் பொண்டாட்டி அமிர்தவல்லிக்கு இன்றும் காய்ச்சல். தெருமுனை டாக்டர் "வைரல்" என்றார். அவருக்கு எல்லாமே வைரல்தான்; என் கால் சுளுக்கைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

14 நவம்பர், வியாழன்
கஞ்சி இறங்கவில்லை. என்னைப் பார்த்து "யாரு நீ?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்கு அந்தச் சந்தேகம் உண்டு என்று சிரித்துவைத்தேன். திரும்பவும் அதையே கேட்டாள். என் டூவீலர் மெக்கானிக் கடையை மூடிவிட்டு, ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

15, வெள்ளி
பிள்ளைச்சாவடியிலிருந்து அவள் அண்ணன் கன்னியப்பன், அண்ணி சுலோசனாவோடு வந்தான். அமிர்தத்துக்குத் துணி மாற்றிவிட்ட அண்ணி வெளியே வந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். நேராக வந்து என் சட்டையைப் பிடித்தான்.

"எங்கூட்டுப் பொண்ணு இடுப்புல சிகரெட்டால சூடு வச்சியாடா?"

நானா? அவள் புடவைக்கு இஸ்திரி போடவே என்னை நம்ப மாட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. அறை விழுந்தது. வராண்டாவே பார்த்தது. நேற்றுவரை மாப்ள என்ற வாய் இப்போது போலீஸ் என்றது.

அவளைக் கேட்டால் தெரியும். அவளுக்கோ நினைவே இல்ல. இவ இப்படியே போயிட்டா? நான் யார்கிட்ட போய் என்னான்னு சொல்றது?

16, சனி
காலையில் வந்த டாக்டரம்மா அமிர்தத்தின் இடுப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மிளகு அளவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு.

"இவன் வச்ச சூடு" என்றான் கன்னியப்பன்.

"இவர் இல்லீங்க. பூச்சிக்கடி. புதர்ல உண்ணி மாதிரி ஒண்ணு இருக்கு, அதோட குஞ்சு. கண்ணுக்கே சரியா தெரியாது. கடிச்ச எடம் சூடு வச்ச மாதிரிதான் ஆவும். காய்ச்சலும் அதாலதான், ஸ்க்ரப் டைபஸ். புதர்ப் பக்கம் போனாங்களா?"

போனாள். என் சளிக்கு ஆவி பிடிக்க நொச்சி பறிக்க, பின்பக்கத்துக் காலிமனைக்கு. சளியும் போகவில்லை. தூசி மாதிரி ஒரு குஞ்சு, அது போயி ஒரு ஆளையே சாய்க்குமா?

மருந்து ஏற்றுகிறார்கள். கன்னியப்பன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

17, ஞாயிறு
அமிர்தம் கண் திறக்கவில்லை. நானும் அவனும் ஒரே பெஞ்சில். டீ வாங்கிவந்து நீட்டினான். குடித்தேன்.

18, திங்கள்
காய்ச்சல் இறங்கியது. "ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்கு? ஷேவ் பண்ணா என்னா?" என்றாள். என்னைத் தெரிந்துவிட்டது.

24, ஞாயிறு
வீட்டுக்கு வந்தாச்சு. கன்னியப்பன் வஞ்சிரம் கொண்டுவந்தான். தன் வீட்டில் தண்ணீர்கூட மொண்டு குடிக்காதவன், குந்தி உட்கார்ந்து மீனைச் சுத்தம் செய்தான். பெரிய துண்டு என் தட்டில் விழுந்தது.

"ரெண்டு பேரும் ஏன் ஊமையாட்டம் துன்றீங்க? எதனா சண்டையா?" என்றாள் அமிர்தம்.

அண்ணி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்தான்.

"முள்ளு ஜாஸ்தி, அதான்" என்றேன்.

"வஞ்சிரத்துலயா? அதுல நடுமுள்ளு ஒண்ணுதான இருக்கும்?"

"ஆமாம் பாப்பா, இந்த வருசம் ஜாஸ்தி" என்றான் கன்னியப்பன்.