மறையூரில் ஒரு கல்லறை

டப்ளின்
6 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. கேட்காததற்கும் "ம், ம்" என்று சொல்லிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி மலையாளிகள் நாற்பது பேர் சேர்ந்து ஐஸ்லாந்துக்கு டூர் போய் வந்தோம். என்னோடு வேலை பார்க்கும் சிஜுதான் தலைவன். காலை ஏழு மணிக்கே பஸ்ஸில் ஏற்றிவிட்டான். எரிமலை கக்கிய கல்வெளி, கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுப்பு, அதன் மேல் பாசி. கடற்கரை மணல்கூட அடுப்புக்கரி நிறம். மத்தியானம் அவன் கட்டி வந்த புளிச்சோற்றைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு தின்றோம்.

அப்புறம் பனியாறு. காலில் ஆணி வைத்த தகடு மாட்டி வரிசையாக நடக்கவிட்டார்கள். பனி வெள்ளையாக இல்லை அப்பா, எரிமலைச் சாம்பல் படிந்து அழுக்காக இருந்தது. பார்த்தால் அசையாமல் கிடக்கிறது, ஆனால் தினமும் கொஞ்சம் கீழே இறங்குகிறதாம். வழிகாட்டிப் பெண் ஒரு வெடிப்பைக் காட்டினாள். பல வருஷம் முன்பு அதில் விழுந்த இரண்டு பேர் இன்னும் கிடைக்கவில்லையாம். வீட்டார் வருஷா வருஷம் வந்து நின்றுவிட்டுப் போகிறார்களாம்.

மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள். நான் பனி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எஸ்டேட்டில் மண்சரிவு நம் லயத்து வீடுகளை மூடிய வாரம் நினைவுக்கு வந்தது. கொரோனாவில் விமானம் இல்லாமல் இங்கே அறைக்குள் கிடந்தேனே, அந்த வாரம். ஆனாலும் நம் அம்மா கிடைத்தாள். மறையூரில் அவளுக்கு ஆறடி மண் இருக்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து வருஷம் ஓட்டினேன்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு லீவு கேட்டிருக்கிறேன். இந்தத் தடவையாவது தடுக்காதீர்கள்.

உங்கள் மகள்,
ஞானஜோதி

மறையூர்
24 ஜூலை 2025

அன்பு மகள் ஜோதிக்கு,

மரியே வாழ்க. கடிதம் கிடைத்தது. கண்ணாடி போட்டு மூன்று தரம் படித்தேன். பனியில் நடக்கக் காசு கொடுத்துப் போனவள் நீ ஒருத்திதான். இங்கே மூணாறில் ஜனவரி மாதம் சும்மாவே நடக்கலாம்.

நவம்பரில் வராதே அம்மா. மழை நிற்காது, மூணாறு ரோடு எப்போதும் அடைப்பு. எனக்கும் முட்டி வலி. கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரலில் வந்தால் உயிர்ப்புத் திருநாளும் ஆயிற்று.

அப்பா,
சூசையப்பன்

டப்ளின்
9 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு,

ஐந்து வருஷமாக இதே மழை, இதே முட்டி. டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மா பெயர் வெட்டிய கருங்கல் சிலுவைக்கு மூணாறில் ஆள் பேசியாயிற்று. இந்த மாசக் கடைசியில் அளவெடுக்க வருவார். கல்லறையைக் காட்டிவிடுங்கள்.

ஜோதி

மறையூர்
26 ஆகஸ்ட் 2025

என் மகளே,

கல்வெட்டுகிறவர் இன்று வந்தார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அம்மா கிடைக்கவில்லை.

பதினெட்டாம் நாள் தேடுவதை நிறுத்தினார்கள். அன்றைக்கும் நீ போன் செய்தாய். "அம்மா கெடச்சாளாப்பா?" என்றாய். நீ தனியாக அடைபட்டுக் கிடந்தாய், நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்று அடுத்த அறைப் பிள்ளை சொல்லியிருந்தாள். "கெடச்சிட்டா தாயி" என்று வாய் சொல்லிவிட்டது. "என்ன சேல கட்டியிருந்தா?" என்றாய். ஊதாச் சேலை என்றேன். அதற்கு மேல் திரும்பி வர எனக்கு வழி தெரியவில்லை.

நீ போட்டோ கேட்டாய். நம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் செசிலியம்மாள் என்று ஒருத்தி. பிள்ளை குட்டி கிடையாது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் சிலுவையில் பெயர் தெரியாதபடி செவ்வந்தி மாலையைப் போட்டுப் படம் பிடித்தேன். ஐந்து வருஷமும் அப்படித்தான். நீ பார்த்து அழுதது அவளுடைய மண்.

முதல் வருஷம் படத்துக்காகப் போனேன். இப்போது அவளுக்காகவும் போகிறேன். பங்குச்சாமியிடம்கூடச் சொன்னதில்லை. நீ வருவதும் வராததும் இனி உன் இஷ்டம்.

அப்பா

டப்ளின்
12 செப்டம்பர் 2025

அப்பா,

ஒரு வாரம் உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. அம்மா ஊதாச் சேலையோடு படுத்திருக்கிறாள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கோபம் தீரவில்லை. தீர நாளாகும். நான் மறுபடி சாப்பிட ஆரம்பித்ததும் நீங்கள் சொன்ன அந்தப் பொய்யால்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. இரண்டாம் தேதி காலை செசிலியம்மாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுவோம். ஐந்து வருஷம் நான் செய்த ஜெபமெல்லாம் அவளுக்கே சேரட்டும், திருப்பிக் கேட்கமாட்டேன். இந்தத் தடவை பெயரை மறைக்காதீர்கள்.

அப்புறம் எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறுவோம். நம் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். அங்கே நின்று, அம்மா கிடைக்கவில்லை என்று உங்கள் வாயால் ஒருமுறை என்னிடம் சொல்லுங்கள். கடிதத்தில் படித்தது போதவில்லை. நான் பக்கத்தில் நிற்பேன்.

ஜோதி