கவிழ்த்து வைத்த கோட்டை

சேர்,

இன்று காலை அம்மா தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபோது உங்கள் ஞாபகம் வந்தது. கவிழ்ந்த எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தச் சதுரங்கக் கோட்டைதான் நினைவுக்கு வருகிறது. நேற்று நடந்ததை வந்து சொல்ல நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் அகதி முகாமிலிருந்து பள்ளிமுனைக்குத் திரும்பி வந்த வருடம், மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நீங்கள் எங்களுக்குச் சதுரங்கம் பழக்கத் தொடங்கினீர்கள். ஒரு காலத்தில் கொழும்புவரை போய் வென்ற ஆள் என்று ஊரில் சொன்னார்கள். எங்களுக்கு நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டி, இருமிக்கொண்டே சிரிக்கிற சேர். இருந்த ஒரே பெட்டியில் ஒரு குதிரைக்குப் பதிலாக, வலையில் கட்டுகிற ஈயக்குண்டு நின்றது. காலாள் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாக மாறினால், வைக்க இரண்டாவது ராணி எங்களிடம் இல்லை. வெட்டுப்பட்ட கோட்டையைத் தலைகீழாக நிறுத்தி, அதையே ராணி என்று ஆடுவோம். அது பிழை என்று ஒருவரும் நினைத்ததில்லை.

மாவட்டப் போட்டியிலும் நான் அப்படியே செய்தேன். நடுவர் குனிந்து பார்த்தார். "கவிழ்த்தாலும் கோட்டை கோட்டைதான், பிள்ளை" என்றார். அதைக் கோட்டையாகவே வைத்து ஆடினேன். வெல்லவேண்டிய ஆட்டம் தோற்றுப்போனது.

திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் ஏசவில்லை. "முகாமில ராணிக்கு எங்க போறது? சோடா மூடியை வைச்செல்லோ விளையாடினனாங்கள். அந்தப் பழக்கம் உன்ர கையிலயும் ஏறியிட்டுது" என்றீர்கள். பாலம் வந்தது. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "இனி இல்லாததுக்கு ஒண்டைக் கவிழ்த்து வைச்சுச் சமாளிக்காத. மணிக்கூட்டை நிப்பாட்டு. கையைத் தூக்கு. ராணி தாங்கோ எண்டு கேள்."

"எனக்கு வெக்கம், சேர்."

"வெக்கப்படு. பட்டுக்கொண்டு கேள்."

பிறகு நான் பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மாவோடு மீன் காயவைக்கிற கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போனேன். போன மாரிகாலத்தில் அந்த இருமல் உங்களைக் கொண்டுபோனது. கோயில் மூப்பர் கொட்டகையைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டார். உள்ளே வலை அடுக்கப் போகிறார்களாம். ஈயக்குண்டுக் குதிரையும் உள்ளேதான் கிடக்கிறது.

"சேரும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இனி உனக்கென்னடி செஸ்? மீனை வெட்டு" என்றான் அண்ணன். நான் மீனை வெட்டினேன். ஆட்டத்தை மனதுக்குள் ஆடிக்கொண்டே வெட்டினேன்.

நேற்று நகரத்தில் போட்டி. பெயர் எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"பள்ளிக்கூடம் இல்லை."

"அப்ப மாணவர் பிரிவில எடுக்கேலாது, தங்கச்சி."

"பெரியாக்களின்ர பிரிவில எழுதுங்கோ."

பின்னால் சிரித்தார்கள். "கருவாடு மணக்குது" என்றது ஒரு குரல். மணந்தது என் கைதான். அந்தக் கையாலேயே கையெழுத்து வைத்தேன்.

எனக்கு எதிரே வங்கியில் வேலை செய்கிற ஓர் அண்ணை. என் காலாள் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, என் ராணி இன்னும் பலகையில் நின்றது. மேசையில் வேறு ராணி இல்லை. தான் வெட்டி வைத்திருந்த என் கோட்டையை அவர் என் பக்கம் தள்ளினார்.

"இதைக் கவிழ்த்து வையுமன், தங்கச்சி. நான் ராணியெண்டே எடுக்கிறன். ஏன் நடுவரை மினக்கெடுத்துவான்?"

நல்ல மனதோ, தந்திரமோ, தெரியாது. எனக்கு முகம் சுட்டது. மேசையில் ஓடிக்கொண்டிருந்த மணிக்கூட்டை நிறுத்தினேன். கையைத் தூக்கினேன்.

"எனக்கு இன்னொரு ராணி வேணும்!"

 மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நடுவர் வேறொரு பெட்டியிலிருந்து ஒரு ராணியைக் கொண்டுவந்து தந்தார். மற்றக் காய்களைவிட அது சற்று உயரம். நிமிர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணை தன் ராஜாவைச் சாய்த்தார்.

அடுத்த ஆட்டத்தில் தோற்றேன், சேர். அது அடுத்த முறை பார்க்கவேண்டிய கணக்கு. இன்று வாடியிலிருந்து நேரே மூப்பர் வீட்டுக்குப் போகிறேன். வலைக்கு வேறு இடம் பார்க்கட்டும். எனக்குக் கொட்டகைத் திறப்பு வேண்டும், அங்கே மறுபடி பலகை விரிக்க.

வெட்கம் இன்னும் போகவில்லை. பட்டுக்கொண்டே கேட்பேன்.