திங்கட்கிழமைகளில் வேய்ந்த கூரை

என் அப்பாவுக்கு, அன்போடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டுக் காலனியில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. "அப்பா, வாக்குக் கொடுக்காதீங்க, உங்களை மாத்திட்டாங்க." அவ்வளவுதான். உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்திருந்தால் அந்த வரிகூட வேண்டியிருக்காது. ரத்தினம்மாவின் ஆடு எதை மென்றுகொண்டிருக்கிறது என்று பார்த்தபடி நின்றிருந்தேன்.

நான் படிக்கும் நாவல்களில் இப்படி ஓர் இடம் வந்தால், புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, "சொல்லித் தொலையேன்" என்று அந்தப் பெண்ணைத் திட்டுவேன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெண் நானாக இருந்தபோது எனக்கு வாய் வரவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக நம் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெதடிஸ்ட் சபையில் ஒரு பாஸ்டர் எந்த ஊரில் இருப்பார் என்பது அவர் கையில் இல்லை. அவர் சுற்றிவர வேண்டிய ஊர்களைச் சேர்த்து ஒரு சேகரம் என்போம். வருடத்துக்கு ஒருமுறை சென்னையில் மாநாடு கூடும். கடைசி நாள் பேராயர் எழுந்து, இந்தச் சேகரத்துக்கு இன்னார் என்று பட்டியலை வாசிப்பார். அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது. வாசித்த பிறகு யாரும் மறுக்கக் கூடாது. என் பள்ளிக்கூட நாட்களில் நாம் ஐந்து ஊர் மாறினோம். அம்மா சமையல் பாத்திரங்களைக்கூட முழுதாக அடுக்கி வைத்ததில்லை. பாதி எப்போதும் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை எனக்கே வந்து சேரும் என்று நாம் இருவரும் நினைக்கவில்லை. சபை அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்த அன்று நீங்கள் சொன்னது ஒன்றுதான். "அங்க பார்க்கிற எதையும் வீட்டுக்குக் கொண்டு வராதே. என்கிட்டகூட." இரண்டு வருடம் காப்பாற்றினேன். அது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. இயல்பாகவே நான் அதிகம் பேசாதவள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, படி எடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது கும்மிடிப்பூண்டி என்ற வரியில் வேறொருவர் பெயர் வந்தது. பதினோரு வரி தள்ளி, திருவள்ளூருக்கு நேரே உங்கள் பெயர். உங்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வழக்கமாக நான்கு வருடமாவது விட்டுவைப்பார்கள். நீங்களும் அப்படித்தான் நம்பியிருந்தீர்கள்.

ஞாயிறுகளில் மேட்டுக் காலனிக்குப் பாட்டு நடத்த நான் வருவது உண்டல்லவா? சைக்கிளின் பின்னால் நான், முன்னால் தொங்கும் பையில் வேதப்புத்தகம், பாட்டுப் புத்தகம், சின்னத் தகர டப்பாவில் நற்கருணை அப்பம். காலையில் ஏரிக்கரை ஊர், பகலில் ரயில்வே கேட் பக்கத்து ஊர், வெயில் தாழ்ந்ததும் காலனி. எல்லா இடத்திலும் ஒரே பிரசங்கம்தான். ஆனால் மூன்றாவது இடத்தில்தான் அது நன்றாக இருக்கும். கடைசி ஆமென் சொன்ன பிறகுதான் உங்கள் உண்மையான வேலை தொடங்கும். தபால் வாசித்துக் காட்டுவீர்கள், தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுவீர்கள், பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பியை ஒரே பாயில் உட்கார வைப்பீர்கள்.

அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு, காலனியில் ஆமென் சொன்னவுடன் ரத்தினம்மா எழுந்து நின்றாள். ஜெபவீடு கட்டத் தன் வீட்டுக் கொல்லையையே கொடுத்தவள் அவள்.

"பாஸ்டரே, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"நீ எப்போ பொட்டி கட்டப் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இன்னா சிரிப்பு? இதுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்கோ. மூணு பேரும் செவுரு வெச்சாங்கோ. கூரை போடறதுக்குள்ள மாத்திட்டாங்கன்னு கைய ஆட்டிக்கினே போயிட்டாங்கோ. ஐப்பசி மழைல செவுரு கரைஞ்சி என் ஊட்டாண்ட சேறா நிக்குது. நான் குடுத்த எடத்துல கோயிலும் இல்ல, கத்திரிக்கா செடியும் இல்ல."

"அத்தே, பாஸ்டரைப் பேஜார் பண்ணாதே" என்றான் அவள் மருமகன்.

"நீ சும்மா கெட. உன் கல்யாணமே அந்த மொட்டைச் செவுத்துக்குள்ள வெயில்ல நின்னுக்கினு தானே நடந்துது?"

நீங்கள் அந்த மண்சுவரைப் பார்த்தீர்கள். முந்தைய மூன்றும் கரைந்தபின், உங்கள் காலத்தில் நான்காவதாக எழுந்த சுவர். "இந்த வருஷம் மழைக்கு முன்னால கூரை நிக்கும்மா" என்றீர்கள்.

"நிக்கும்னு சொல்லாதே. நான் நிறுத்தறேன்னு சொல்லு."

"சரி. நானே நிறுத்தறேன்."

வாழ்நாளில் நீங்கள் சத்தியம் என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. ஆம் என்றால் ஆம், அவ்வளவுதான் உங்களுக்கு. அந்த இரண்டு சொற்களை இனி நீங்கள் திரும்ப எடுக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்போதும் ஆட்டைத்தான் பார்த்தேன்.

மாநாட்டில் பட்டியலை வாசித்தபோது நான் மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தேன். திருவள்ளூர், உங்கள் பெயர். நீங்கள் பேராயரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைத் தேடினீர்கள். சாயங்கால பாசஞ்சரில் மீஞ்சூர் தாண்டினோம். பிறகு கேட்டீர்கள்.

"நீதான் டைப் பண்ணியாம்மா?"

"ஆமாம்ப்பா."

"நல்லா பண்ணியிருக்கே. ஒரு தப்புகூட இல்ல."

அதற்குமேல் அதைப்பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை? கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாறிப்போன பாஸ்டர் பழைய சேகரத்தில் தலைகாட்டக் கூடாது என்பது நம் இன்னொரு வழக்கம். அதில் நீங்கள் கறார். உங்களுக்கு முந்தியவர் ஒரு கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் சொன்னதற்கு ஒரு வாரம் முகம் கறுத்திருந்தீர்கள். அதனால் திருவள்ளூர் வந்ததும் கும்மிடிப்பூண்டியின் புதிய பாஸ்டருக்குக் கடிதம் எழுதினீர்கள். கூரை வேலைக்கு மட்டும் வந்துபோக அனுமதி கேட்டீர்கள். ஜனங்கள் இரண்டு மேய்ப்பர்களுக்கு நடுவே தடுமாறுவார்கள், தாமே பார்த்துக்கொள்வதாக அவர் பதில் எழுதினார். அவர் எழுதியதிலும் தப்பில்லை. உங்கள் இரண்டாவது கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன். "பாஸ்டராக வரவில்லை. திங்கட்கிழமைகளில் ஓலை வேயும் ஓர் ஆளாக வரலாமா?" அதற்கு அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. "ஓலை வேய யாரும் வரலாம், ஐயா."

பாஸ்டர்களுக்குத் திங்கள்தான் ஓய்வு நாள். மே முதல் புரட்டாசி வரை உங்களுக்கு அது இல்லாமல் போனது. விடிந்ததும் திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கே போகும் வண்டிக்குக் காத்திருந்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து நடை. "ஓய்வு நாள்லயாவது படுத்திருக்கக் கூடாதா?" என்று அம்மா ஒவ்வொரு திங்களும் கேட்டாள். ஒவ்வொரு திங்களும் உங்களுக்குக் கட்டுச்சோறும் கட்டிக்கொடுத்தாள்.

ஒரு திங்கள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு உங்களோடு வந்தேன். வெள்ளை அங்கி இல்லை, வேதப்புத்தகம் இல்லை. கட்டம்போட்ட பழைய சட்டை, முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டிய வேட்டி.

"வாய்யா கூலியாளு!" என்றாள் ரத்தினம்மா. "இன்னிக்கு லேட்டு. அரை நாள்தான் கணக்கு."

"ரயில் லேட்டும்மா மேஸ்திரி" என்றீர்கள்.

பகலில் சோற்றின் முன் உட்கார்ந்ததும் எல்லோரும் வழக்கம்போல உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் மறுத்துத் தலையை ஆட்டினீர்கள். "ஜெபத்துக்கு உங்க பாஸ்டர் இருக்கார். நான் ஓலை வேய வந்தவன்."

"அவரு வியாழக்கெழம வருவாரு. அதுவரிக்கும் சோத்தப் பாத்துக்கினே குந்தியிருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, ரத்தினம்மாவே கண்ணை மூடிக்கொண்டாள். அதுவரை அவள் நாலு பேர் முன்னால் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. "கர்த்தாவே, இந்தாளு கையெல்லாம் ஓலை கிழிச்சிருக்கு. பாத்துக்கோ. ஆமென்."

உங்கள் ஆமென்தான் கடைசியாக வந்தது.

திரும்பும்போது பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் நான் ஆரம்பித்தேன். "அப்பா, அன்னைக்கே நான் சொல்லியிருந்தா..." நீங்கள் என்னை முடிக்க விடவில்லை. "உள்ளங்கையில சிலாம்பு ஏறியிருக்கு, எடுத்து விடேன்" என்று கையை நீட்டினீர்கள். என் புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றி, வெளிச்சம் இருந்த பக்கம் உங்களைத் திருப்பி, மெதுவாகக் குத்தி எடுத்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது. மன்னித்துவிட்டேன் என்றா அதற்கு அர்த்தம்? அல்லது மன்னிக்க என்ன இருக்கிறது என்றா? நான் சொல்லியிருந்தால் நீங்கள் வாக்குக் கொடுத்திருக்க மாட்டீர்கள், கூரையும் வந்திருக்காது. ஆனால் அத்தனை திங்களும் உங்களுக்கு ஓய்வாவது இருந்திருக்கும். இரண்டில் எதை நான் வேண்டிக்கொள்வது?

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நானும் அம்மாவும் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மா எல்லாப் பாத்திரங்களையும் வெளியே எடுத்து அடுக்கிவிட்டாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் நீங்கள் சைக்கிள் மிதித்த வரப்புகளில் கம்பெனிகளுக்குச் சுவர் எழுப்புகிறார்கள். அவற்றுக்கெல்லாம் கூரை சீக்கிரம் வந்துவிடுகிறது. ரத்தினம்மாவின் மருமகனுக்கு அதில் ஒன்றில் வாட்ச்மேன் வேலை. போன வாரம் என் அலுவலகத்துக்கே தேடி வந்தான். "ஓலை மக்கிப் போச்சுக்கா, ஒழுகுது. இப்ப இருந்த பாஸ்டரையும் மாத்திட்டாங்கோ. பாஸ்டர் பொண்ணுக்கு வேயத் தெரியுமான்னு அத்தை கேக்கச் சொல்லிச்சு" என்றான். தெரியாது, ஆனால் வருகிறேன் என்றேன்.

வரும் திங்கள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கட்டம்போட்ட சட்டையை அம்மா துவைத்து வைத்திருக்கிறாள். புதுக் கூரை மழைக்கு முன் நிற்கும் என்று சொல்ல மாட்டேன், அப்பா. நானே நிறுத்துகிறேன்.

நீங்கள் வேய்ந்த கூரை புரட்டாசியில் முடிந்தது. புதிய பாஸ்டர் அதைப் பிரதிஷ்டை செய்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திருவள்ளூர் சேகரத்து வேப்பம்பட்டில் உங்கள் ஆராதனையை நடத்திக்கொண்டிருந்தீர்கள். நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை பகல், திருவள்ளூர் வீட்டு வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இருதயம் என்றார் டாக்டர். அந்த வருட மாநாட்டில், காலமான பாஸ்டர்களின் பெயர்களை வாசிக்க எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்தத் தாளையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

உங்கள் மகள்,
எஸ்தர்