சாத்தூரில் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர்

என் ஜெபா அத்தானுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கு இப்போது 'எல்லோரும்' இல்லை. நான் சுகம். ஆமத்தூரில் மழை விட்டு வெயில் அடிக்கிறது. நம் தெருவில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகையில் போடக் கேட்டிருக்கிறேன். நமக்குள் பேசிக்கொள்வதை ஊரார் படிப்பது உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் இதை அவர்கள் படிக்கத்தான் வேண்டும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

உங்களைப் போலச் சந்தேகப்படுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. வாரம் முழுக்கச் சிவகாசியில் ஆஃப்செட் அச்சு மெஷின் ஓட்டுவீர்கள். லீவு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு, நமக்கும் தெரிந்தவர்களுக்கும் பாட்டு ஆம்ப்ளிஃபயர் செய்யச் சாமான் தேடி விருதுநகர் பழைய இரும்புக் கடைகளுக்குப் போவீர்கள். நான் காய்கறிப் பையோடு வெயிலில் நிற்க, நீங்கள் ஒரு ஹீட் சிங்கை எடுத்து, அதன் அலுமினியப் பற்களை நகத்தால் சுண்டிச் சுண்டிக் கேட்பீர்கள். "சூட்ட வாங்கணும்னா கனம் வேணும் அண்ணாச்சி. இது தகரம்" என்று திருப்பி வைத்துவிடுவீர்கள்.

ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால் கேட்கவே வேண்டாம். "சுத்தமான காப்பரு தம்பி, நான் பொய்யா சொல்லப்போறேன்?" என்பார் கடைக்காரர். சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்துக் கம்பி நுனியைக் கீறுவீர்கள். சிவப்புப் பூச்சுக்குக் கீழே வெள்ளையாக அலுமினியம் தெரியும். பஸ்ஸில் வரும்போது, "எஸ்தரு, எல்லாவனும் ஏமாத்துறதுக்குன்னே ஒக்காந்திருக்கான்" என்பீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்தச் சந்தேகம் இப்போது எனக்கு வந்துவிட்டது, அத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நான் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. "நம்ம ஆம்ப்ப ஒரு தடவ பாக்கணும்" என்றீர்கள். மத்தியானம் உங்கள் தம்பி தாசன் போன் பண்ணினான். நான் வந்தபோது மேஜைக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் கிடந்தீர்கள். காலில் செருப்பு இல்லை. தரை ஓதம் கண்டு ஈரமாக இருந்தது. டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்றார். உங்களுக்குச் சுகர் இருந்தது, உங்கள் அப்பாவுக்கும் நெஞ்சுவலியில்தான் உயிர் போனது. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

பிறகு உங்கள் கைகளைத் துடைத்துவிட்டபோது, வலது ஆள்காட்டி விரல் நுனியில் வெளுத்த, சற்றுக் குழிந்த ஒரு புள்ளியைப் பார்த்தேன். சால்டரிங் சூடு பட்ட தழும்புகள் உங்கள் கையில் எத்தனையோ உண்டு. அவை பழுப்பாக இருக்கும். இது அப்படி இல்லை. கரண்ட் அடித்துக் கொண்டுவரப்பட்டவர்களின் கையில் இதைப் பார்த்திருக்கிறேன். அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு நடுவே அழுகையோடு அழுகையாக அது எனக்குள்ளேயே நின்றுவிட்டது. மறுநாள் அடக்கம் முடிந்தது. இனி எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது?

கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்தால் மேஜையில் ஆம்ப் இல்லை.

"நான்தான் மைனி எடுத்துட்டுப் போனேன்" என்றான் தாசன். "ஒங்க கண்ணுல பட்டா மனசு கஷ்டப்படும்ல."

அவன் நல்லவன். ஆனால் அத்தனை பேர் இருந்த வீட்டில், அத்தனை அவசரமாக எதற்கு? அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் சாக்கு போர்த்திக் கிடந்தது. கரண்ட் வயரின் நுனியில் பிளக்கைக் காணோம். யாரோ வெட்டியிருந்தார்கள்.

"யாரு வெட்டுனது தாசா?"

"நான்தான் மைனி."

"ஏன்?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியல. அண்ணனத் தொடுறதுக்கு முந்தி சுவிட்ச அணைச்சேன். என்னமோ பயமா இருந்துச்சு. நீங்க எடுத்துப் போட்டுப் பாத்துருவீகன்னு வெட்டிட்டேன்."

"ஒனக்கு ஏதும் அடிச்சுதா?"

"இல்ல மைனி. நான் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன்."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ட்ரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தந்தது சாத்தூர் முத்துக்காளை அண்ணன் என்று எனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு சுற்றி வாங்கினீர்கள். ஒன்று நமக்கு, ஒன்று அச்சங்குளம் கோயிலுக்கு. கடையில் வாங்குவதை நம்பாமல், பக்கத்தில் உட்கார்ந்து சுற்ற வைத்தேன் என்று பெருமையாகச் சொன்னீர்கள். நான் சாத்தூருக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாய்விட்டு அழுதார். ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மர் என்றதும் முகம் மாறியது.

"அத இங்கன கொண்டாந்து போட்டுருங்க தங்கச்சி. புதுசா ஒண்ணு சுத்தித் தாறேன். காசெல்லாம் வேண்டாம்."

"புதுசு எனக்கு எதுக்குண்ணே? பாட்டுப் போட ஆளு இல்லையே."

"சரி, அது வீட்டுல கெடக்கவேண்டாம்னுதான்..."

"கெடந்தா என்ன?"

அவர் டீ வாங்கிவரப் போய்விட்டார். அன்றைக்கு நான் முடிவே கட்டிவிட்டேன், அத்தான். இந்த ஆள் எதையோ ஒளிக்கிறார். கம்பியிலோ எதிலோ மட்டமாகப் போட்டிருக்கிறார், அது உங்களைக் கொன்றுவிட்டது, இப்போது தடயத்தை வாங்கி உடைக்கப் பார்க்கிறார்.

அடுத்த லீவில், தாசனை ஆம்ப்பிலிருந்து கழற்றித் தரச் சொல்லி, ட்ரான்ஸ்ஃபார்மரைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். அதைக் கையைவிட்டு இறக்கவில்லை. "என் கண்ணு முன்னால டெஸ்ட் பண்ணுங்க" என்றேன். மின்கசிவு பார்க்கிற மெகரை எடுத்து மாட்டினார். முள் நல்ல இடத்தில்தான் நின்றது.

"பாத்தீகளா, ஒண்ணுமில்ல" என்றார். குரலில் நிம்மதி. அந்த நிம்மதிதான் என்னைக் குத்தியது. சரியாகச் செய்தவருக்கு அது எதற்கு?

வார்டில் சில பேருக்குக் காலையில் பார்த்தால் காய்ச்சல் இருக்காது. சாயங்காலம் கொதிக்கும். "சூடேத்திப் பாருங்கண்ணே" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு பழைய லாரி பல்புகளை லோடாக மாட்டி ஓடவிட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டால் சுடுகிற பதம் வந்ததும் கழற்றி, மறுபடி மெகரை வைத்தார். முள் சரிந்து கீழே போய் நின்றது. சூடேறினால் கசிகிறது.

"பிரிங்க" என்றேன்.

"வேண்டாம் தங்கச்சி."

"பிரிங்கண்ணே. இல்லாட்டி போலீஸ்ல போய்ப் பிரிக்கச் சொல்லுவேன்."

இரும்புத் தகடுகளைத் தட்டி எடுத்தார். கம்பியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். நல்ல செம்புக் கம்பி. அதில் குறையில்லை. ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே பழுப்பாக இருக்க வேண்டிய இன்சுலேஷன் பேப்பருக்குப் பதில், பளபளவென்று ஒரு கலர்க் காகிதம் வந்தது. ஓதம் ஏறி, ஓரம் கருகியிருந்தது. நீலத் தோகை, பச்சைக் கழுத்து. மயில் காலண்டர்.

அத்தான், அந்த மயில் நம் அடுக்களை அலமாரியில் தட்டுக்கு அடியில் கிடக்கிறது. கலர் ஒட்டாமல் வேஸ்டாகப் போன ஷீட்டுகள் என்று நீங்கள் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்து விரித்தது.

முத்துக்காளை அண்ணன் அப்போதுதான் பேசினார்.

"நல்ல பேப்பர் மதுரையிலேருந்து வரணும். அந்த வாரம் ஸ்டாக் இல்ல. நான் பொறுப்போம்னேன். பண்டிகைக்குள்ள அச்சங்குளத்துக்குக் கொடுக்கணும்னு ஜெபாதான் இதக் கொண்டாந்தாக. 'ஆர்ட் பேப்பருண்ணே, எம்புட்டு கெட்டி பாருங்க'ன்னாக. வார்னிஷ் காயவும் விடல. நானும் மாட்டேன்னு சொல்லிருக்கணும், சொல்லல. நீங்க வந்து கேட்ட பெறகுதான் எனக்கே பக்குன்னுச்சு. செத்த மனுசன் பேர எப்படிச் சொல்ல? அதான் வாங்கி ஒடச்சுப் போட்டுரலாம்னு பாத்தேன்."

நான் நம்பினேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. பதில் பேச முடியாத ஒருவர் மேல் பழியைப் போடுவது எத்தனை சுலபம். மயில் ஷீட் உங்கள் கம்பெனியினுடையதுதான். ஆனால் அதை எடுத்து வைத்தது யாருடைய யோசனை? எல்லாக் கம்பியையும் கீறிப் பார்த்த மனிதர், தன் கையில் இருந்த காகிதத்தை ஒரு முறைகூடச் சந்தேகப்பட்டிருக்க மாட்டாரா?

ஆனால் இன்னொன்று அச்சங்குளத்தில் இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் வேறெதுவும் தோன்றவில்லை. அங்கிருந்தே பஸ் பிடித்துப் போனேன்.

மழைக்குப் பட்டாசுக் கம்பெனி லீவு. பாட்டுக் குழுவினர் கோயிலில் பழகிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்று பாடிய கிரேஸ், பட்டாசுக் குழாய் உருட்டுகிற பெண், மைக்கைக் கைக்குட்டை சுற்றிப் பிடித்திருந்தாள். நான் நேராகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டு பாதியில் நின்றது.

"ஏன்க்கா?"

"இந்தத் துணி எதுக்கு?"

"மைக்கப் புடிச்சா சுள்ளுன்னு இழுக்குதுக்கா. அண்ணன்ட்டதான் போன்ல சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"அவுக போறதுக்கு முந்தின நாளு. சனிக்கிழம."

"என்ன சொன்னாக? அப்படியே சொல்லு" என்றேன்.

"'யாரும் தொடாதீக, பிளக்கப் புடுங்கிப் போடுங்க'ன்னாக. 'தப்பு என்னுது, நான் கொண்டாந்த பேப்பர்தான் மழைக்கு ஊறிருச்சு போல. எங்க வீட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு கெடக்கு. நாளைக்கு அதத் தொட்டுப் பாத்துட்டு வந்து மாத்தித் தாறேன்'னாக. கொஞ்ச நாள் போடாமத்தான்க்கா வச்சிருந்தோம். அண்ணனும் போய்ட்டாக, பண்டிக வேற வருதா, அதான் துணியச் சுத்திக்கிட்டு..."

தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றா சொன்னீர்கள்? டெஸ்டர் உங்கள் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது, அத்தான். இப்போதும் இருக்கிறது. அதை எடுக்காமல் ஏன் விரலை வைத்தீர்கள்? காலில் செருப்பையாவது மாட்டியிருக்கக் கூடாதா? இல்லை, நீங்கள் தொடுவதற்கு முன்பே நெஞ்சு நின்றுவிட்டதா? அந்த வெள்ளைப் புள்ளி கரண்ட் வைத்ததா, நான் தேடிப் பிடித்ததா? இதற்கு எனக்குப் பதில் கிடைக்கப் போவதில்லை. கொஞ்ச நாள் கோபமாக இருந்தேன். சாதத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் உங்களோடு சண்டைதான்.

மறுநாள் முத்துக்காளை அண்ணனைக் கூட்டிக்கொண்டு அச்சங்குளம் போனேன். நான் போலீஸ் என்று பேசியதற்கு அவர் முகம் கோணவில்லை. பழையதைக் கழற்றினார். உள்ளே அதே மயில். மதுரையிலிருந்து சரியான பேப்பர் வரும்வரை காத்திருந்து, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் நன்றாகக் காயவைத்து, மூணு பின் பிளக்கும் எர்த் வயரும் போட்டார். பற்கள் வளைந்திருந்த ஹீட் சிங்கை மாற்ற விருதுநகர் கடைக்கு நான்தான் போனேன். கடைக்காரர் மெல்லிசாக ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்று உள்ளே புகுந்து நானே தேடி எடுத்தேன். "நீங்க ஜெபா வீட்டம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சூடேற்றி மெகர் வைத்துப் பார்த்த பிறகுதான் அச்சங்குளத்தில் மாட்ட விட்டேன். கிரேஸ் கைக்குட்டை இல்லாமல் மைக்கைப் பிடித்தாள். கொஞ்சம் பயந்து, பிறகு இறுகப் பிடித்து, ஒரு சரணம் பாடினாள். முத்துக்காளை அண்ணன் வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

நம் வீட்டு ட்ரான்ஸ்ஃபார்மரை மறுபடி சுற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அத்தான், இதை எல்லோரும் படிக்க எழுதுவதற்குக் காரணம் இதுதான். இரண்டு என்று நீங்கள் சொன்னீர்கள், முத்துக்காளை அண்ணனும் இரண்டு என்கிறார். ஆனால் இன்னொரு மயில் ஷீட் எந்த வீட்டில் சுற்றிக் கிடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் போகவில்லை. உங்கள் கை பட்ட ஆம்ப் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். தொட்டுப் பார்க்க வேண்டாம். நான் வருகிறேன்.

தாசன் கேட்டான்: "எழுதுனா அண்ணன் பேரு கெட்டுப் போகாதா மைனி?" நான் யோசித்தேன். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். யார் கேட்டாலும் மறைக்க மாட்டேன்: அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். தப்பு என்னுடையது என்று முதலில் சொன்னவரும், அதை மாற்றக் கிளம்பியவரும் அவரே. பாதியில் நின்ற அந்த வேலையை வீடு வீடாகப் போய் நான் முடித்துவிட்டு வருகிறேன்.

உங்கள் மாமன் மகள், உங்கள் மனைவி,
எஸ்தர்