இருபதுக்கு முந்தைய எண்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தங்கை, உன் மகள் சிட்டு, நான் எல்லோரும் சுகம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். குளிர் கடுமை, நம் சலவைக் கடையில் துணி காய்வேனா என்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. விடுமுறையில் சிட்டு எண்களை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாய். தனியாக உட்கார வைத்தால் நழுவிவிடுவாள் என்று கடைக்கே கூட்டிப்போனேன். மருத்துவமனைத் துவாலைகளை இருபது இருபதாகக் கட்ட வேண்டும், நீ எண்ணிக் கொடு என்றேன். பெரிய முதலாளி மாதிரி சத்தம் போட்டு எண்ணினாள், நானும் பூரித்துப்போய்ச் சரிபார்க்காமல் கட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் கம்பவுண்டர் வந்து, என்னங்க, எல்லாக் கட்டுலயும் ஒண்ணு குறையுதே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். தேடினால், குறைந்த துவாலையெல்லாம் இஸ்திரி மேசைக்கு அடியில் அழகாக மடித்து வைத்திருக்கிறது.

பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். உன் தங்கை மடியில் வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நீ புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் அவள் உன் புடவையை விடவே இல்லையே, கையைப் பிரிப்பதற்காக, இருபது வரைக்கும் எண்ணு, அம்மா வந்துடுவேன் என்று சொன்னாயாம். அப்போது அவளுக்கு எட்டுக்கு மேல் தெரியாது. இப்போது தெரியும். அதனால்தான் பத்தொன்பதோடு நிறுத்திவிடுகிறாள். இருபதும் சொல்லி அம்மா வரலன்னா அப்புறம் என்ன சொல்றது சித்தி என்று கேட்டாளாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு உன் தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உன்மேல் கோபமில்லையம்மா. ரயில் கிளம்பும்போது யார்தான் யோசித்துப் பேசுகிறார்கள். ஆனால் இந்த விடுமுறைக்கும் லீவு கிடைக்கவில்லை, கோடையில்தான் வருவேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உன் வாயால் வர வேண்டும். எண்ணுவதற்கும் நீ வருவதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் நீயே சொல். அழுவாள், அழட்டும், தேற்ற நாங்கள் இருக்கிறோம். ஒரு எண்ணைச் சொல்லப் பயந்துகொண்டு அந்தக் குழந்தை இருக்கக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. நீ எல்லா நலமும் பெற்று நன்றாயிருக்க வேண்டும். ஞாயிறு காலை மறக்காமல் கூப்பிடு. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் வெளியே போய் நிற்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா